சேற்றுத் தரையில் மண் ஓட்ட: டிராக்டர் டிரெய்லரா, பெல்ட் டம்பரா, செயின் வண்டியா?

கோடையில் ஏரி, கண்மாய்களில் வண்டல் எடுக்க அனுமதி கிடைத்ததும் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். டிரெய்லர் அச்சுவரை இறங்கி நிற்கும். அதை இழுக்கப் போன ஜேசிபி தன் வேலையை விட்டுவிட்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து, மண்ணைச் சுமந்துகொண்டு ரப்பர் பெல்ட்டில் சேற்றின்மேல் சாதாரணமாகப் போய்க் கொட்டும் ஜப்பான், சீன டம்பர்களின் வீடியோவை யாராவது கைபேசியில் காட்டுவார். இதை ஒன்று வாங்கிப் போட்டால் என்ன என்று பேச்சு தொடங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிராக்டர் ஓடுகிற தரையில் பெல்ட் டம்பருக்குப் பணம் போடுவது வீண். டிராக்டர் ஓடாத தரையில், தடம் போடவும் வழியில்லாத இடத்தில், அதற்கு ஈடான வண்டி கிடையாது. உங்கள் தரை எந்த வகை, மோசமான பகுதி எத்தனை மீட்டர் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

தரை அழுத்தம். டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய அதில் அடித்திருக்கும் காற்றின் அழுத்தம்தான். லாரி டயரில் 100 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. டிராக்டரின் பின் டயர் ஒன்று, ஒன்றரை கிலோவில் நிற்கும். 65 கிலோ ஆள் ஒற்றைக் காலில் நின்றால் 0.4 கிலோ சொச்சம். இப்போது 2.5 டன் எடையுள்ள ஒரு பெல்ட் டம்பரில் 2.5 டன் மண் ஏற்றுகிறோம், 32 செ.மீ. அகலம், தரையில் படியும் நீளம் 150 செ.மீ., இரண்டு பெல்ட். 5,000 கிலோவை 9,600 சதுர செ.மீ. தாங்குகிறது. ஆக 0.52 கிலோ. முழு லோடோடு போகும் வண்டி ஒற்றைக் காலில் நிற்கும் ஆளைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அழுத்துகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதம் சிறியது, அதன் அழுத்தம் மேலோடு போய்விடும். பெல்ட்டின் பரப்பு பெரிது, அதன் பாரம் அதிக ஆழத்துக்கு இறங்கும். ஏரித் தரை சித்திரையில் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும்; இரண்டடிக்குக் கீழே களி ஈரமாகவே இருக்கும். ஆகவே நடந்து பார்த்தால் மட்டும் போதாது, கடப்பாரையால் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் கடப்பாரை தானாக இறங்குகிறதோ அதுதான் உங்கள் உண்மையான தரை.

தூரம். இதைக் கணக்கில் எடுக்காமல் வண்டி பார்ப்பவர்களே அதிகம். கீழே தருகிறேன்.

நடைகளின் எண்ணிக்கை. முதல் பத்து நடை தாங்கிய தரை ஐம்பதாவது நடையில் கிழியும். மேலே காய்ந்த ஓடு உடைந்த பிறகு ஒவ்வொரு நடையும் பள்ளத்தை ஆழப்படுத்தும்.

சரிவு. ஏரியிலிருந்து மண் வெளியே வர வேண்டுமானால் கரை ஏறியாக வேண்டும். ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவுள்ள கரை 26 பாகைக்கு மேல். எந்த வண்டிக்கும் தனியாகச் சாய்தளம் போடுவதுதான் முறை.

தரையில் புதைந்திருப்பவை. சீமைக்கருவேல முள் டயருக்கு எதிரி. வெட்டிவிட்ட கருவேலக் கட்டை ரப்பர் பெல்ட்டுக்கு எதிரி. உங்கள் ஏரியில் எது அதிகம்?

பழுது. கெட்டுப்போனால் உதிரி அடுத்த ஊரில் கிடைக்குமா, கப்பலில் வர வேண்டுமா?

## தூரக் கணக்கு

பெல்ட் டம்பர் லோடோடு மணிக்கு 6 கி.மீ., காலியாக 8 கி.மீ. போகிறது, ஏற்ற 2 நிமிடம், கொட்டித் திரும்ப 1 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 டன் ஈர வண்டல் ஏறக்குறைய அரை யூனிட், அதாவது 50 கன அடி. டிராக்டர் நல்ல தடத்தில் லோடோடு 10, காலியாக 15 கி.மீ.; ஏற்ற 4 நிமிடம், கொட்ட ஒன்றரை நிமிடம்; ஒரு நடைக்கு 1 யூனிட்.

| ஒருவழித் தூரம் | டிராக்டர் டிரெய்லர் (உறுதியான தடம்) | பெல்ட் டம்பர் (2.5 டன்) |
|---|---|---|
| 150 மீட்டர் | மணிக்கு சுமார் 8.5 யூனிட் | சுமார் 5 யூனிட் |
| 500 மீட்டர் | சுமார் 5.5 யூனிட் | சுமார் 2.5 யூனிட் |
| 1 கி.மீ. | சுமார் 4 யூனிட் | சுமார் 1.5 யூனிட் |

இது காகிதக் கணக்கு. டீ குடிக்கும் நேரம், வரிசையில் நிற்கும் நேரம் எதுவும் இதில் இல்லை. ஆனாலும் விஷயம் தெளிவு. பெல்ட் டம்பர் 150 மீட்டரில் தோற்றாலும் பக்கத்தில் நிற்கிறது. ஒரு கிலோமீட்டரில் பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்றும் பாருங்கள்: டிராக்டர் கணக்கு "உறுதியான தடம்" என்ற இரண்டு சொல்லில் தொங்குகிறது. ஒரே ஒரு டிரெய்லர் வழியில் புதைந்தால் அதன் பின்னால் வருபவை அத்தனையும் நிற்கும். இழுக்கப் போகும் ஜேசிபியால் ஏற்றும் வேலையும் நிற்கும். நாளைக்கு மூன்று முறை இப்படி அரை மணி நின்றால் அட்டவணையில் டிராக்டரின் எண்கள் சரிந்துவிடும்.

## டிராக்டரும் டிரெய்லரும்

சேற்றில் முதலில் புதைவது டிராக்டர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் புதைவது டிரெய்லர். டிராக்டரின் பின் சக்கரம் பெரிது, காற்றும் குறைவு. டிரெய்லரில் மாட்டியிருப்பது ஒல்லியான லாரி டயர். மண்ணின் முழு எடையும் அதன்மேல். அது இறங்கிய பிறகுதான் டிராக்டர் சக்கரம் சுற்றிச் சுற்றித் தானும் குழி பறித்துக்கொள்கிறது. ஆகவே குதிரைசக்தி கூடிய டிராக்டர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது.

தீர்க்கும் வழிகள் வேறு. நான்கு சக்கர டிரெய்லரைவிட இரண்டு சக்கர டிரெய்லர் சேற்றுக்கு நல்லது; அதன் லோடில் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின் அச்சில் உட்கார்ந்து பிடிப்பைக் கூட்டும். டிரெய்லருக்கு அகலமான, காற்றுக் குறைவாக வைக்கக்கூடிய டயர் போட்டால் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அகலப்படுத்துவதற்கும் எல்லை உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் ஊர்ப் பக்கத்து ஆற்றுமுகச் சதுப்பு நிலத்தில் நீராவி டிராக்டர்கள் புதைந்தபோது, பெஞ்சமின் ஹோல்ட்டின் நிறுவனம் சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போய், ஒரு வண்டி மொத்தம் 46 அடி அகலத்துக்கு வந்து நின்றது. அதற்கப்புறம்தான் 1904-இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடத்தை மாட்டிப் பார்த்தார்கள்.

மறைந்திருக்கும் செலவு கிளட்ச் தட்டு, பின் அச்சு, டிரெய்லர் கொக்கி. விவசாயப் பதிவில் உள்ள வண்டியை வாடகைக்கு ஓட்டினால் வரும் தலைவலி தனி. தடத்துக்குக் கிராவல் அடித்த செலவையும் இதன் கணக்கில்தான் எழுத வேண்டும்; அந்தக் கிராவலை வேலை முடிந்ததும் ஏரிக்குள் விட்டுவிட்டு வர முடியாது, திரும்ப அள்ள வேண்டும்.

இது எப்போது சரி? கடப்பாரைச் சோதனையில் இரண்டடி வரை கெட்டியாக இருந்தால், 200 மீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டியிருந்தால், நேராக வயலில் போய்க் கொட்ட வேண்டியிருந்தால். நம் ஊர் ஏரி வேலைகளில் பெரும்பகுதி இந்த வகைதான்.

## ஆர்டிகுலேட்டட் டம்பர்

நடுவில் முறிந்து திரும்பும் ஆறு சக்கர வண்டி. நடுவில் முறியும் இந்த வகையை வால்வோ 1966-இல் தொடர் உற்பத்தியாகக் கொண்டுவந்தது. எல்லாச் சக்கரமும் இழுக்கும், கரடுமுரடில் ஒவ்வொரு சக்கரமும் தரையை விடாது. சுரங்கம், அணை, பெரிய நெடுஞ்சாலை வேலைக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் லோடு பத்து டன்களில் தொடங்கி மேலே போவதால் ஏரி வேலைக்கு அளவும் விலையும் பொருந்தாது. உண்மையான களிச் சேற்றில் இதுவும் டயர் வண்டிதான். இத்தோடு விடுகிறேன்.

## ரப்பர் பெல்ட் டம்பர்

டெல்டாக்காரர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. அறுவடை நேரத்தில் மழை பெய்து வயல் ஊறிவிட்டால் டயர் மிஷினை விட்டுவிட்டு பெல்ட் மிஷினுக்குக் கூடுதல் மணி வாடகை கொடுத்துக் காத்திருப்பது அங்கே வழக்கம். அதே அடிப்பாகத்தின்மேல் தானியத் தொட்டிக்குப் பதிலாக மண் தொட்டி.

ஜப்பானில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. ஹோண்டாவின் அரை டன் கைவண்டி, யான்மாரின் 2.5 டன் சி30ஆர், மொரூக்கா, கொமாட்சுவின் 11 டன் வண்டிகள் என்று வரிசை நீளம். மலைச்சரிவும் நெல்வயலும் குறுகிய வழியும் சேர்ந்த நாடு என்பதால் அங்கே இது ஓடியது. வீடியோவில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். வித்தியாசம் வடிவமைப்பில் இருக்கிறது. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை.

லோடின் மையம் எங்கே விழுகிறது என்பது முதல் விஷயம். மேலே 0.52 கிலோ என்று போட்டது பாரம் பெல்ட்டின் நடுவில் சமமாக விழுந்தால். மொத்த எடையின் மையம் நடுவிலிருந்து நீளத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 150 செ.மீ. பெல்ட்டில் 25 செ.மீ. பின்னால் நகர்ந்தால், பின் முனையில் அழுத்தம் இரண்டு மடங்காகும், முன் முனையில் பூஜ்யம். வண்டி பின்னால் உட்கார்ந்து சேற்றைத் தள்ளிக்கொண்டே போகும். நல்ல வண்டியில் எஞ்சினும் இருக்கையும் ஒரு முனையில், தொட்டி மறுமுனையில் இருந்தாலும், லோடு ஏறியதும் மையம் நடுவுக்கு வரும்படி அமைத்திருப்பார்கள். சோதிப்பது எளிது: லோடு ஏற்றி ஈரத்தரையில் பத்து மீட்டர் ஓட்டி, வண்டி நின்ற இடத்தில் பெல்ட் முன்முனையிலும் பின்முனையிலும் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது ரோலர், அதாவது பெல்ட்டுக்குள் உருண்டு வண்டியின் பாரத்தைத் தாங்கும் உருளை. பெல்ட் நெகிழும் பொருள். பாரம் ரோலருக்கு நேர்கீழேதான் குவியும். மூன்று ரோலர் உள்ள வண்டியில் ரோலருக்கு அடியில் உள்ள அழுத்தம் சராசரியைவிடப் பல மடங்கு போகும். நெருக்கமாக, அதிகமாக, முடிந்தால் ஏறி இறங்கும் தொங்கலோடு இருந்தால் நல்லது. சராசரி அழுத்தம் என்று விளம்பரத்தாளில் போட்ட எண்ணைவிட ரோலர்களை எண்ணிப் பார்ப்பது அதிகம் சொல்லும்.

மூன்றாவது, திருப்பும் முறை. விலை மலிவான வண்டிகளில் ஒருபக்கக் கிளட்சைப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கும், வண்டி திரும்பும். பவர் டில்லர் ஓட்டியவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும்: இறக்கத்தில் கிளட்சைப் பிடித்த பக்கம் தானாக வேகமாக உருண்டு, வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். இரண்டரை டன் மண்ணோடு கரைச் சாய்தளத்தில் இறங்கும்போது இது விளையாட்டில்லை. ஹைட்ராலிக் பம்பும் மோட்டாரும் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள வண்டி விலை கூட. ஆனால் இறக்கத்தில் எண்ணெயே பிடித்து நிறுத்தும், நின்ற இடத்திலேயே சுற்றவும் முடியும். சுற்ற முடியும் என்பதற்காகச் சுற்றக் கூடாது. களியில் ஒரு முழுச் சுற்று போட்டால் அந்த இடம் அடுத்த நடைக்குச் சேற்றுக்குழி.

இதற்காகத்தான் சுழலும் தொட்டி வந்தது. அடிப்பாகம் அப்படியே நிற்க, மேல்பாகம் மட்டும் திரும்பிக் கொட்டும். வண்டி வந்த வழியே போகலாம். அகலமில்லாத கரைமேல் வேலை செய்பவருக்கு இது பெரிய வசதி. அதற்கு விலையாக மையம் மேலே ஏறுகிறது, லோடு கொஞ்சம் குறைகிறது, நடுவில் ஒரு பெரிய பேரிங் பராமரிப்புக்குச் சேர்கிறது. திரும்ப இடமிருக்கும் ஏரிக்குச் சாதாரணத் தொட்டியே போதும்.

தொட்டியின் வடிவத்தையும் பாருங்கள். ஈரக் களி மூலையில் ஒட்டிக்கொள்ளும். தொட்டி தூக்கியபின் கீழ்ப்பாதி விழுந்து மேல்பாதி ஒட்டி நின்றால், எடை முழுவதும் உச்சியில். வண்டி கவிழ்ந்துவிடலாம். மூலை வளைந்து, வாய் அகன்று, உள்ளே வழுக்கும் பிளாஸ்டிக் தகடு பதித்த தொட்டி இதற்கு மருந்து. சரிவில் குறுக்காக நின்று கொட்டவே கூடாது.

இனி செலவு. ரப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. கருவேலக் கட்டை கீறிய வெட்டு சிறியதாக இருந்தாலும் அதன் வழியே தண்ணீர் போய்க் கம்பி துருப்பிடிக்கும். கொஞ்ச நாளில் பெல்ட் லோடோடு அறும், அறும் இடம் எப்போதும் ஏரியின் நடுவாகத்தான் இருக்கும். நல்ல தரையில் ஒரு ஜோடி 1,000 முதல் 2,000 மணி நேரம் உழைக்கலாம். கல்லும் கட்டையும் இருந்தால் அதில் பாதியும் வராது. ஒரு ஜோடி பெல்ட்டின் விலையை 1,000-ஆல் வகுத்து, வருவதை மணிக்கணக்கில் டீசலுக்கு அடுத்த வரியில் எழுதுங்கள். வாடகை நிர்ணயிக்கும்போது பலர் விடும் வரி அது. இன்னொரு வரி, வண்டியை ஊருக்கு ஊர் கொண்டுபோகும் லாரி வாடகை. தார்ச்சாலையில் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தால் பெல்ட் தேயும் வேகம் உங்களை நிறுத்திவிடும்.

பெல்ட் அளவு அகலம், பிட்ச் (ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி), கண்ணி எண்ணிக்கை என்று மூன்று எண்ணாக உள்ளே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த மூன்றும் இங்கே விற்கும் மினி எக்ஸ்கவேட்டருக்கோ அறுவடை இயந்திரத்துக்கோ பொருந்துகிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே உதிரிக் கடையில் கேட்டுவிடுங்கள். பொருந்தாவிட்டால் உபரி ஜோடி ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள், அதன் விலையையும் வண்டி விலையில் சேருங்கள்.

## இரும்புச் செயின் வண்டி

பாறை, செம்பாறாங்கல், கட்டை நிறைந்த தரை, இடித்த கான்கிரீட் என்றால் ரப்பரைப் பற்றி நினைக்கவே வேண்டாம். செயினில் ஒரு ஷூ (தரையில் படியும் இரும்புத் தகடு) உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாட்டலாம். ரோலர், பின், புஷ் ஆகியவற்றை ஹிட்டாச்சி வேலை தெரிந்த எந்தப் பட்டறையும் பார்த்துக்கொள்ளும். சதுப்புக்கென்று அகல ஷூ போட்டால் அழுத்தமும் ரப்பர் அளவுக்கு இறங்கும்.

பலவீனம், எடை கூடுவதும் வேகம் குறைவதும். மணல் கலந்த வண்டல் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் போய் அரைத்துக்கொண்டே இருக்கும். தார்ச்சாலையைக் குறுக்கே கடக்கக்கூட டயரோ பலகையோ போட வேண்டும். ஏரிக்கரையின் உட்பக்கம் கல் பாவியிருந்தால் அதன்மேல் செயின் ஏறவே கூடாது. ஒரு கல் நகர்ந்தால் அடுத்த மழையில் அலை அந்த ஓட்டையில்தான் வேலையை ஆரம்பிக்கும். அதற்கு யார் பொறுப்பு என்ற பேச்சு உங்களிடம்தான் வரும்.

## பழைய அறுவடை இயந்திரத்தில் கட்டுவது

பட்டறை வைத்திருப்பவர்கள் கேட்பது இது. எஞ்சின் நன்றாக, கதிர் அறுக்கும் பாகம் கெட்டுப்போன இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது. மேல்பாகத்தைக் கழற்றித் தொட்டி வைத்தால் ஆகாதா? ஆகும், லோடு விஷயத்தில் அடக்கமாக இருந்தால். இந்த இயந்திரங்கள் 3 டன் சொச்சம் எடைக்குச் செய்யப்பட்டவை. கழற்றிய பாகங்களின் எடையை எடைமேடையில் போட்டுப் பாருங்கள். தொட்டி, சிலிண்டர், மண் மூன்றும் சேர்ந்து அதையும் நிறைந்த தானியத் தொட்டியின் எடையையும் கூட்டியதைத் தாண்டக் கூடாது. இதன்படி ஒன்று, ஒன்றேகால் டன் மண்தான் ஏறும், அதாவது கால் யூனிட். கியர்பெட்டியும் பிரேக்கும் அதற்குத்தான் கட்டியவை. அறுவடை பெல்ட்டின் உயரமான பற்கள் சேற்று வயலுக்கானவை. கிராவலில் ஓட்டினால் சீக்கிரம் மழுங்கும். வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புச் சட்டத்தை இருக்கைக்குப் பின்னால் வைக்காமல் ஆளை ஏற்றாதீர்கள். தோட்டம், தென்னந்தோப்பு, சொந்த வேலைக்கு இது நல்ல வண்டி. ஒப்பந்த வேலைக்குக் கால் யூனிட் நடை கட்டாது.

## யாருக்கு எது

சொந்த வயலுக்கு வண்டல் எடுக்கும் விவசாயி எதையும் வாங்க வேண்டாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர் என்ற அரசு அளவில், நான்கு ஏக்கருக்கு 300 கன மீட்டர், ஏறக்குறைய 106 யூனிட். 500 மீட்டர் தூரத்துக்கு இரண்டு டிராக்டர் ஒன்றரை நாளில் முடிக்கும். தரை ஈரமாக இருந்தால் இரண்டு வாரம் காயவிடுவதைவிட மலிவான இயந்திரம் இல்லை.

தண்ணீர் வற்றாத குளம், கால்வாய், சதுப்பை ஒட்டிய வாய்க்கால், மலைச்சரிவு என்று காயவிட வழியில்லாத வேலையே வருடம் முழுக்கக் கிடைக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பெல்ட் டம்பர் சரி. அவரும் அதைக் கரைவரைக்கும் மட்டும் ஓட்ட வேண்டும். கரையோரக் கெட்டித் தரையில் குவித்து, அங்கிருந்து டிப்பரில் ஏற்றுவது நல்லது. இருமுறை அள்ளும் ஜேசிபி மணி கூடும், உண்மைதான். ஆனால் குவியலில் இரண்டு நாள் கிடந்த வண்டலில் தண்ணீர் வடிந்திருக்கும். பத்து கிலோமீட்டர் போகும் டிப்பர் தண்ணீரைச் சுமக்காது, தொட்டியில் ஒட்டவும் செய்யாது. தூரம் கூடக் கூட அந்த மிச்சம் இரண்டாவது அள்ளலின் செலவைத் தாண்டிவிடும். வயல் ஏரிக்குப் பக்கத்திலேயே இருந்தால் தாண்டாது. அப்போது இருமுறை அள்ளுவதும் வேண்டாம், பெல்ட் டம்பரே நேராகப் போய்க் கொட்டட்டும்.

வருடத்தில் இரண்டு மாத வேலைதான் என்றால் வாடகைக்கு எடுங்கள். ஒப்பந்தத்தில் பெல்ட் வெட்டுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்குங்கள். ஓட்ட ஆரம்பிக்கும் முன் தடத்திலுள்ள கருவேலக் கட்டைகளைத் தரைக்குக் கீழே ஓரடி ஆழம்வரை தோண்டி எடுத்துவிடுங்கள்.